1887-இல் முதலிடம் யாருக்கு? பழைய பேஸ்பால் சராசரிகளைத் திரும்பக் கணக்கிட்ட அனுபவம்

தொழில்முறை பேஸ்பாலின் தொடக்கக் காலத்தில், 1871 முதல் நூற்றாண்டின் இறுதி வரை, பேட்டிங் சராசரியில் முதலிடம் பெற்றவர்களை நானே எக்செல் தாளில் கணக்கிட்டு வருகிறேன். கிரிக்கெட்டில் ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்கிறோம். இங்கே ஹிட்களை (பந்தை அடித்துத் தளம் சேர்ந்த தடவைகளை) அட்-பேட்களால் (அடிக்க வந்து கணக்கில் சேரும் தடவைகளால்) வகுக்க வேண்டும். வகுப்பது எளிது. எதை ஹிட்டாக எண்ணுவது, எதை அட்-பேட்டில் சேர்ப்பது என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

1871-இல் பிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் அணியின் லீவை மேயர்லி 130 அட்-பேட்களில் 64 ஹிட் அடித்து 0.492 பெற்றார். அவர் ஆடியவை 26 ஆட்டங்களே என்பதால், அந்த எண்ணைப் பிற்கால எண்களோடு ஒரே வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தனி நிறத்தில் குறித்துவிட்டு நகர்ந்தேன்.

என்னை அதிகம் உட்கார வைத்தது 1887. வீச்சாளரின் தவறான பந்துகளால் முதல் தளத்துக்கு இலவசமாகச் செல்வதை வாக் என்பார்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் அதையும் ஹிட்டாகக் கணக்கிட்டார்கள். ஆகவே வாக் எண்ணிக்கைக்கு ஒரு பத்தியைத் தனியாகச் சேர்த்து, இரு முறைகளிலும் சராசரி வரும்படி சூத்திரம் அமைத்தேன். செயின்ட் லூயிஸ் வீரர் டிப் ஓ'நீல் எந்த முறையிலும், அன்றைய இரு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் அசோசியேஷனின் முதல்வராகவே நிற்கிறார்: வாக்குகளுடன் 0.485, அவை இல்லாமல் 0.435. மற்றொன்றான நேஷனல் லீக்கில் நிலைமை வேறு. சிகாகோவின் கேப் ஆன்சன் 472 அட்-பேட்களில் 164 ஹிட்களும் 60 வாக்குகளும் பெற்றவர். டெட்ராய்ட்டின் சாம் தாம்சன் 545-இல் 203 ஹிட்களும் 32 வாக்குகளும் பெற்றவர். வாக்குகளைச் சேர்த்தால் ஆன்சன் 0.421, தாம்சன் 0.407, நீக்கினால் தாம்சன் 0.372, ஆன்சன் 0.347. பட்டத்துக்கு உரியவரே மாறிவிடுகிறார். எனக்குத் தாம்சனே சரியாகப் படுகிறார் என்றாலும், அன்று ஆடியவர்கள் அறிந்திருந்த விதிப்படி வென்றவர் ஆன்சன் என்பதால், இருவரையும் தாளில் வைத்திருக்கிறேன்.

1876-இல் இதற்கு நேர்மாறு: வாக் கிடைத்தாலும் அது ஓர் அட்-பேட்டாக எண்ணப்பட்டது. அதனால் 138 ஹிட் அடித்த சிகாகோவின் ராஸ் பார்ன்ஸுக்கு அன்றைய கணக்கில் 0.404, இன்றைய கணக்கில் 0.429.

அடுத்ததாக, முதல்வரின் சராசரியை லீக் சராசரியால் வகுத்துப் பார்த்தேன். 1893-இல் வீச்சுத் தூரம் 60 அடி 6 அங்குலமாக நீண்டபின் அடிப்பவர்களின் கை ஓங்கியது. 1894-இல் நேஷனல் லீக் சராசரியே 0.309. அந்த ஆண்டு பாஸ்டனின் ஹியூ டஃபி எடுத்த 0.440 இந்த அளவுகோலில் 1.42 ஆகிறது, 0.265 சராசரி கொண்ட லீக்கில் ஆடிய பார்ன்ஸுக்கோ 1.62. ஆனால் பார்ன்ஸின் கைத்திறன், முதலில் எல்லைக்குள் விழுந்து வெளியே உருளும் பந்தும் செல்லும் என்ற விதியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1877-இல் அந்த விதி நீக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் நோயிலும் விழுந்தார், சராசரி 0.272-க்கு இறங்கியது. இவற்றில் எது எவ்வளவு குறைத்தது என்பதை என் தாளில் உள்ள எண்களைக் கொண்டு பிரிக்க வழியில்லை என்பதால், அவர் பெயருக்கு எதிரே விதி மாற்றத்தை மட்டும் குறிப்பாக எழுதிவிட்டு, இப்போது 1897-இல் 0.424 அடித்த வில்லி கீலரின் வரிசையை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.