ஆட்காட்டி முட்டையிட்ட வயல்

மார்ச் 4

காலையில் டிராக்டர் சத்தம் திடீரென்று நின்றது. என்னவோ ஏதோ என்று ஓடினேன். பக்கத்து வயல் அண்ணன் இறங்கி நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உழவுசாலுக்கு இரண்டடி தள்ளி ஆட்காட்டியின் நான்கு முட்டைகள். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மண்ணில் சின்னக் குழி, ஓரத்தில் சில கூழாங்கற்கள், அவ்வளவுதான். முட்டையும் மண் நிறம். தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. அண்ணன் சுற்றிலும் நான்கு குச்சிகளை நட்டு, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு உழுதார். "பொரிக்க ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

இங்கே கட்டத் திட்டமிட்டிருக்கும் விமான நிலையத்தின் வரைபடத்தில் இந்த வயல் ஓடுபாதைக்குள் வருகிறது.

மார்ச் 7

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை மூன்றாவது முறையாகப் படித்தேன். பறவைகளுக்குப் பக்கத்திலேயே மாற்று ஈரநிலம் அமைத்துத் தருவார்களாம். ஒரே ஒரு வரி. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கிளம்பிய விமானம் கனடா வாத்துக் கூட்டத்தில் மோதி, இரண்டு எஞ்சினும் செயலிழந்து, ஹட்சன் ஆற்றில் இறங்கியது. விமானிகளின் திறமையால் 155 பேரும் பிழைத்தார்கள். அந்த வாத்துகள் வலசை வந்தவை என்பதைப் பின்னர் இறகுகளை ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். பிரிட்டனில் விமான நிலையத்திலிருந்து 13 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கக்கூடிய குளமோ குப்பைக் கிடங்கோ வருவதாக இருந்தால், முதலில் விமான நிலையத்தைக் கலந்து பேச வேண்டும்.

அப்படியானால் மாற்று ஈரநிலம் பக்கத்தில் இருந்தால் பயணிகளுக்கு ஆபத்து. தூரத்தில் இருந்தால் இந்தப் பறவைகளுக்கு அது மாற்றே இல்லை. வலசை வரும் பறவைகளில் பல, ஆண்டுதோறும் பழகிய இடத்தைத் தேடித்தான் வருகின்றன. இரண்டையும் ஒரே வரியில் எழுதியவர் ஒரு நாளாவது இங்கே வந்து நின்றிருப்பாரா?

மார்ச் 8

மழை. கூட்டின் பக்கம் போகவில்லை. போனால் அது முட்டையை விட்டு எழுந்துவிடும்.

மார்ச் 11

விமான நிலையம் வந்தால் வேலை கிடைக்கும் என்கிறான் தம்பி மகன். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது, படித்துவிட்டுச் சும்மா இருக்கிறான். அவனிடம் மிராபெல் விமான நிலையத்தின் கதையைச் சொன்னேன். கனடாவில் மான்ட்ரியலுக்கு அருகே 1969-இல் சுமார் 97,000 ஏக்கர் எடுத்தார்கள், நிறைய நல்ல விளைநிலம் அதில் போயிற்று. 1975-இல் திறந்தார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவேயில்லை. 2004-இல் பயணிகள் விமானம் நின்றது, 2014-இல் முனையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். எடுத்த நிலத்தில் பெரும்பகுதியைத் திருப்பியும் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் வேரோடு போய்விட்டன.

"எல்லா இடத்திலயும் அப்படியே ஆகுமா பெரியப்பா?" என்று கேட்டான். ஆகாதுதான். ஆனால் தேவை எவ்வளவு என்பதை நிலத்தை எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டாமா?

மார்ச் 15

ஊரில் பாதிப்பேர் ஆதரவாகிவிட்டார்கள், இனி என்ன இருக்கிறது என்று ஒருவர் சலித்துக்கொண்டார். எனக்கு நாந்த் நினைவு வந்தது. பிரான்ஸில் அந்த நகரத்துக்கு அருகே நோத்ர்-டாம்-டெ-லாந்த் என்ற இடம், வேலியோரப் புதர்களும் ஈரநிலமும் மேய்ச்சலுமாக இருக்கும் பூமி. 1960களிலேயே திட்டம் போட்டார்கள். 2016-இல் நடந்த வாக்கெடுப்பில் 55 சதவீதம் பேர் விமான நிலையத்துக்கு ஆதரவு. எதிர்த்தவர்கள் அப்போதும் கலைந்து போகவில்லை. 2018 ஜனவரியில் அரசே திட்டத்தைக் கைவிட்டு, ஏற்கெனவே இருக்கும் விமான நிலையத்தை மேம்படுத்துவதாக அறிவித்தது. ஐம்பது ஆண்டுகள்! அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

மார்ச் 20

கருத்துக் கேட்புக் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம். புள்ளிவிவரமெல்லாம் எழுதி எடுத்துப் போயிருந்தேன், கடைசியில் ஒன்றைத்தான் கேட்டேன்: அந்த மாற்று ஈரநிலம் ஓடுபாதையிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? குறித்துக்கொண்டார்கள். பதில் இல்லை.

எனக்குப் பிறகு வந்த பாட்டியிடம் காகிதம் எதுவும் இல்லை. "இழப்பீட்டுல வேற நிலம் வாங்கிக்கலாம்னு சொல்றீங்க. எந்த மூலையில தண்ணி நிக்கும், எங்க மண்ணு சீக்கிரம் காயும்னு புரிஞ்சுக்க எனக்கு நாப்பது வருஷம் ஆச்சு. இன்னொரு நாப்பது வருஷம் யாரு தருவீங்க?" அரங்கத்தில் சத்தமே இல்லை. நான் எழுதிய மூன்று பக்கத்தில் இது இல்லை. ஆட்சேபணை மனுவில் முதல் பத்தியாக இதை வைக்கலாமா என்று அவரையே கேட்டேன், சரி என்றார்.

மார்ச் 31

மூன்று குஞ்சுகள்! பொரித்து சில மணி நேரத்திலேயே ஓடுகின்றன. தாய் ஒரு குரல் கொடுத்ததும் அப்படியே தரையோடு படுத்துவிட்டன. கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லை. நான்காவது முட்டை அப்படியே கிடக்கிறது.

குச்சிகளைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டார் அண்ணன். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் அண்ணே என்றேன். சரி என்று டிராக்டரை அடுத்த வயலுக்குத் திருப்பிக்கொண்டு போனார்.