அறுவடைக்கு முன்பே விதைக்கும் உளுந்து

தை பிறந்து சம்பா நெல் தலைசாய்ந்து நிற்கும்போதே, இன்னும் அறுவடையாகாத பயிருக்குள் உளுந்தைக் கைவிதைப்பாகத் தெளிப்பது எங்கள் திருவாரூர்ப் பக்கத்து வழக்கம். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ விதைத்துவிட்டால், அதன்பின் உழவும் இல்லை, பாசனமும் இல்லை. மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பின்பனியையும் கொண்டே ஆடுதுறை 3 போன்ற இரகங்கள் எழுபது எழுபத்தைந்து நாளில் விளைந்துவிடுகின்றன.

பதம் தவறினால்தான் வினை. கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், ஆனால் தடத்தில் நீர் ஊறக் கூடாது. ஊறினால் விதை அழுகும். கையறுப்புக் காலத்தில் இருந்திராத இன்னொரு தொல்லை அறுவடை இயந்திரம். சென்ற ஆண்டு எங்கள் வயலில், அதன் சங்கிலிச் சக்கரம் போன தடமெல்லாம் முளைத்த உளுந்து நசுங்கி, மேலிருந்து பார்த்தால் கோடு போட்ட பாய் மாதிரிக் கிடந்தது. ஆகவே இம்முறை விதைப்பை நான்கைந்து நாள் தள்ளிப்போட்டு, விதையையும் சற்றுக் கூட்டியிருக்கிறோம். பூக்கும் தருணத்தில் தெளிக்க வேண்டிய இரண்டு சதவீத டிஏபி கரைசலுக்கு, ஏக்கருக்கு நான்கு கிலோ உரத்தை முந்தைய நாள் மாலையே ஊறவைக்க வேண்டும் என்பதை அப்பா இப்போதே நினைவூட்டத் தொடங்கிவிட்டார்.