பிரித்து எடுக்க முடியுமா?

லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த அலமாரிக் கதவை எனக்கு அடையாளம் தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும், அந்தக் கதவில் ஒட்டிய வெனீரின், அதாவது மெல்லிய மரத் தகட்டின் ரேகை பக்கத்துக் கதவோடு சரியாகச் சேரவேண்டும் என்று மூன்று வாரம் எல்லோருடைய உயிரையும் வாங்கியவள் நான்தானே. முழுநேர இன்டீரியர் டிசைனராக இருந்த காலத்தில் ஓர் அலுவலகத்துக்குச் செய்துகொடுத்த வரவேற்பறை அது. ஏழு வருடம் கழித்து அலுவலகம் கைமாறியது, புதிதாக வந்தவர்கள் எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று என்னையே கூப்பிட்டார்கள். கடப்பாறையால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பலகை பாளம் பாளமாகப் பிய்ந்து வந்தது.

"அண்ணே, ஸ்க்ரூவைக் கழட்டி முழுசா எடுக்கலாமே" என்றேன். அன்றைக்கு அதைச் செய்த அதே தச்சர்தான். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஸ்க்ரூ எங்க மேடம் இருக்கு? ஒண்ணுகூடத் தெரியக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. எல்லாம் பசை."

அப்போது நான் இன்டீரியர் டிசைன் கற்பிக்க வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இப்போது பத்தொன்பது. வேலையைப் பற்றி எழுதுங்களேன் என்று பழைய மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வந்து நிற்பது அந்த லாரிதான், அதனால் அங்கிருந்தே தொடங்கிவிட்டேன்.

அதுவரை நான் சொல்லிக்கொடுத்தது, எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான். நிறம், துணி மாதிரிகளை ஒட்டிய மூட் போர்டு, நிறச் சேர்க்கை, அறை எப்படி இருக்கும் என்று கணினியில் பளபளவென்று வரைந்த ஒரு ரெண்டர். சஸ்டெயினபிலிட்டி என்பது கடைசி செமஸ்டரில், தீப் பாதுகாப்புக்கும் ஒப்பந்தம் எழுதுவதற்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு யூனிட். நாளைய தலைமுறையின் தேவையைக் கெடுக்காமல் இன்றைய தேவையைப் பார்த்துக்கொள்வது என்று 1987இல் வந்த ஐ.நா.வின் பிரன்ட்லண்ட் அறிக்கை சொன்ன வரையறையை மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதுவார்கள், நான் முழு மதிப்பெண் போடுவேன், அப்புறம் அதே மாணவர்கள் ஸ்டூடியோவுக்குப் போய் பலகைமேல் லேமினேட் என்ற பிளாஸ்டிக் போன்ற தகட்டைப் பசையால் ஒட்டுவார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

லாரிக்குப் பிறகு நான் செய்தது இன்னொரு அசட்டுத்தனம். எல்லாவற்றுக்கும் மூங்கில் என்று ஆரம்பித்தேன். மூங்கில் சீக்கிரம் வளரும், மரத்தை வெட்டவேண்டாம், என்ன குறை? இரண்டு வருடம் வகுப்பில் மூங்கில் தரையைப் பற்றிப் பிரசங்கமே செய்தேன். ஒரு மாணவி ஒரு சாம்பிள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மேம், இதுல எவ்வளவு மூங்கில், எவ்வளவு ரெசின்?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. நாராக்கிய மூங்கிலை ரெசின் என்ற செயற்கைப் பசையில் ஊறவைத்து, பெரிய அழுத்தத்தில் இறுக்கித்தான் அந்தப் பலகைகளில் பல செய்யப்படுகின்றன. ரெசின் இருப்பதாலேயே அது கெட்ட பொருள் என்று சொல்லவரவில்லை. ஆனால் நான் பெயரைப் பார்த்துத்தான் பொருளைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

பசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மரநாரை இறுக்கிச் செய்யும் எம்டிஎஃப், மரத்தூளை இறுக்கிச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு போன்ற பலகைகளைப் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு ரெசின். அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு மெல்ல மெல்ல அறைக் காற்றில் கலக்கும். சூடும் ஈரப்பதமும் கூடினால் இன்னும் வேகமாக. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. எங்கள் சாம்பிள் அறைக் கதவைத் திறந்ததும் கண்ணில் ஓர் எரிச்சல் வரும். அதைப் "புது வாசனை" என்று சொல்லி ரசித்திருக்கிறோம்! இப்போது பலகைக்குப் பின்னால் ஃபார்மால்டிஹைடு குறைவாகவே வெளியாகும் என்று காட்டும் இ1 போன்ற உமிழ்வு முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் சாம்பிள் உள்ளே வருவதில்லை. மற்ற மாற்றங்களோடு ஒப்பிட்டால் இது சுலபமானது, பார்த்து வாங்கினால் போதும்.

கடினமானது வேறு. பிரிட்டனின் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் டஃபி ஒரு கட்டடத்தை நான்கு அடுக்காகப் பிரித்துப் பார்த்தார். கூடு, அதாவது தூணும் வெளிச்சுவரும் கூரையும், ஐம்பது வருடம் நிற்கும். வயரிங், குழாய், ஏசி எல்லாம் பதினைந்து வருடம் போல. தடுப்புச் சுவர், ஃபால்ஸ் சீலிங் போன்ற உள் அலங்காரம் ஐந்து முதல் ஏழு வருடம். மேசை நாற்காலி தினம்கூட நகரும். என்னுடைய வரவேற்பறை ஏழு வருடத்தில் லாரி ஏறியதே, இந்தக் கணக்குக்கு அச்சுப் பிசகாமல். கட்டடம் கட்டுகிறவர் ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை செய்வதை நாங்கள் அதே கட்டடத்துக்குள் ஏழெட்டு முறை செய்கிறோம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தானே என்று நினைத்துக்கொண்டே செய்கிறோம், கூட்டிப் பார்ப்பதில்லை.

இதைப் பலகையில் எழுதிக் காட்டினால் மாணவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் முதல் செமஸ்டரின் முதல் வேலையே இப்போது ஒரு பழைய சாமானைக் கொண்டுவந்து பிரிப்பதுதான். சுத்தியல் கிடையாது, கடப்பாறை கிடையாது. ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், பொறுமை. போன வருடம் ஒரு பையன் மேசை இழுப்பறை ஒன்றோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினான். ஈரம் பட்டு ஓரம் பொரிபோல உப்பியிருந்தது. பலகை ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டையை (எட்ஜ் பேண்டிங்) ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்தான், அதுவரை சரி. லேமினேட்டை உரிக்கப்போனால் பலகையின் தோலும் சேர்ந்து வந்தது. கடைசியில் அவன் முன்னால் இருந்தது மறுபடி பயன்படக்கூடிய, இழுப்பறை ஓடும் இரண்டு இரும்புத் தண்டவாளம், ஒரு கைப்பிடி, ஒரு கூடைத் தூள். அதை அப்படியே படமெடுத்து ஷீட்டில் போடச் சொன்னேன்.

அதற்கடுத்த வேலையில் அவர்களாகவே கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார்கள். பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூவை இரண்டு தடவை கழட்டி மாட்டினால் மூன்றாம் தடவை பிடிக்காதே, என்ன செய்வது? உள்ளே மரையுள்ள சின்ன உலோகக் குழலை (இன்செர்ட்) பலகையில் பதித்துவிட்டு போல்ட் போடு. கார்பெட் எப்படி? சின்னச் சின்னச் சதுரமாகப் போட்டால் தேய்ந்ததை மட்டும் மாற்றலாம். கார்பெட் சதுரங்கள் செய்யும் இன்டர்ஃபேஸ் கம்பெனியை நிறுவிய ரே ஆண்டர்சன் 1994இல் சுற்றுச்சூழல் பக்கம் மனம் மாறியவர். அந்தக் கம்பெனியில் பிறகு சதுரங்களைத் தரையோடு ஒட்டாமல் அடியில் ஒன்றோடொன்று சேர்த்துவிடும் சின்ன ஸ்டிக்கர்கூட வந்தது. இப்படி ஒவ்வொன்றாகப் போகும்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைக்கவேண்டாம். ஒரு மாணவி தன் இறுதி ப்ராஜெக்ட்டில் ஒரு பழைய நூலக அறையை எடுத்தாள். முக்கால்வாசியை அப்படியே விட்டாள். அலமாரிகளை இடம் மாற்றினாள், வெளிச்சத்தைச் சரிசெய்தாள், ஒரே ஒரு தடுப்பு மட்டும் புதிதாக. எதை ஏன் எடுக்கவில்லை என்று பதினோரு பக்கம் எழுதியிருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, இதில் நீ என்ன டிசைன் செய்தாய்?" என்றார். பக்கத்தில் தங்க நிறத் தூண்களோடு ரெண்டர் வைத்திருந்த பையனுக்குத்தான் அன்று அதிக மதிப்பெண். நான் சண்டை போட்டேன், பலனில்லை. அடுத்த வருடம் மதிப்பெண் பட்டியலில் ஒரு வரி சேர்க்கவைத்தேன்: இருப்பதைக் கணக்கெடுத்ததற்கும் எதை விட்டுவைக்கலாம் என்று முடிவெடுத்ததற்கும் 100க்கு 20. அந்த ஒரு வரிக்காக எட்டு மீட்டிங்.

வேலைக்குப் போனவர்கள் வந்து புலம்புவார்கள். கிளையண்ட் புதுசுதான் கேட்கிறார், மேம். பழசை வைத்துக்கொள்ளச் சொன்னால் எங்களுக்கு ஃபீஸ் எதற்கு என்கிறார், மேம். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கணக்கெடுப்புக்குத் தனியாக ஃபீஸ் போடு என்கிறேன், சிலருக்கு நடக்கிறது, பலருக்கு நடப்பதில்லை.

போன மாதம் அந்த நூலக அறைப் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள். குளியலறைக்குச் செய்த ஒரு கப்போர்டின் பின்பக்கம். வரிசையாக ஆறு ஸ்க்ரூ, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மார்க்கரில் 1, 2, 3 என்று எண், எதை முதலில் கழட்டவேண்டும் என்று ஓர் அம்புக்குறி. பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்க்ரூ எல்லாம் சாதாரண இரும்பு. குளியலறைக்கு ஸ்டெயின்லெஸ் போட்டிருக்கக்கூடாதா, துருப்பிடித்தால் எவன் கழட்டுவான் என்று பதில் அனுப்பினேன்.