தம்பியின் வண்டிக் கூரை

அமெரிக்காவின் மிச்சிகனில், தங்கி வாழும் வசதிகொண்ட வண்டி வீட்டிலேயே (ஆர்.வி.) குளிர்காலத்தைக் கழிக்கவிருக்கும் என் தம்பி, கூரை ஏசியை மூடிவைத்த விதத்தை நேற்று கும்பகோணத்திலிருக்கும் எனக்குக் காணொளி அழைப்பில் காட்டினான். ஏசிக்காகக் கூரையில் வெட்டப்பட்ட சுமார் 14 அங்குலச் சதுரத் துளை வழியாக வெப்பம் எளிதில் வெளியேறும் என்பதால், உள்பக்க மூடியைக் கழற்றி, அளவாக வெட்டிய தெர்மோகோல் பலகையை அதில் இடைவெளியின்றிப் பொருத்தியிருக்கிறான். இல்லையெனில், சமைக்கும்போதும் மூச்சு விடும்போதும் எழும் ஈரம் மேலேறி, குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகிப் படுக்கையில் சொட்டுமாம். கூரைமேல் உறை போடுமுன் மின் இணைப்பைத் துண்டித்தானா என்று இரண்டு முறை கேட்டேன், ஏனெனில் உறையோடு ஏசி ஓடினால் காற்றோட்டமின்றிக் கம்ப்ரசர் சூடேறிக் கெட்டுவிடும். மார்கழியிலும் கடுங்குளிர் இல்லாத நம் டெல்டாவில், ஐப்பசி மழைக்கு முன் மாடியிலுள்ள ஏசிக்குள் எலி நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குள்ள வேலை.