தண்ணீர் வரும் வழியில் ஐந்து நாள்

நாங்கள் படிக்கும் ஜெர்மனியின் கெம்னிட்ஸில் குளிர்காலப் பருவத் தேர்வு முடிந்தால் ஏப்ரல் வரை வகுப்பு கிடையாது. போன வருடம் அந்த விடுமுறையில் நானும் என் அறைத்தோழியும் பேருந்து ஏறி பிராக் போனோம். பையில் ரொட்டியும் வாழைப்பழமும், எட்டுப் பேர் தங்கும் விடுதி அறையில் இரண்டு படுக்கை, நாள் முழுக்க நடை. இந்த வருடம் நான்கு மாதம் முன்பே தேடியதில் விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. இருவரும் ஊருக்கு வந்துவிட்டோம். அவளுக்குத் தூத்துக்குடி, எனக்குத் தருமபுரி மாவட்டத்தில் இண்டூர் பக்கம். இரண்டு வாரம் அவரவர் வீட்டில் இருந்தபிறகு அவள் மைசூரு எக்ஸ்பிரஸில் ஏறி, விடியுமுன்பே தருமபுரியில் வந்து இறங்கினாள்.

"ஏட்டி, ஒகேனக்கல்ல விட்டா ஒங்க ஊர்ல பாக்க என்ன இருக்கு?" ஸ்டேஷன் வாசலில் டீ குடிக்கும்போதே கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பள்ளி, கல்லூரி, பிறகு வெளிநாடு என்று ஓடிவிட்டதில் என் மாவட்டத்தை நானே சரியாகப் பார்த்ததில்லை.

ஜெர்மனியில் கிடங்கு வேலையில் மிச்சம் பிடித்ததிலிருந்து இருவருக்கும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய் ஒதுக்கினோம். ஐந்து நாளைக்கு அவ்வளவுதான். தங்குவதும் இரண்டு வேளைச் சாப்பாடும் எங்கள் வீட்டில். பயணத்துக்கு டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கெம்னிட்ஸில் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு சேர்ந்து வரும் மாணவர் பயணச்சீட்டு இருப்பதால்தான் அங்கே நினைத்த நேரத்தில் ரயில் ஏறுகிறோம். இங்கே அந்த வேலையை இந்தக் கட்டணமில்லாப் பயணம் செய்கிறது. நேரடி பஸ்ஸைப் பிடிக்காமல் மாறி மாறிப் போக வேண்டும், நிறுத்தத்தில் அரை மணி, முக்கால் மணி காத்திருக்க வேண்டும். நேரம் எங்களிடம் நிறையவே இருந்தது.

முதல் நாள் அதியமான்கோட்டை. சென்றாயப் பெருமாள் கோவில் மண்டபத்தின் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தோம். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன். படித்தபோது எங்கள் பஸ் போகும் வழி இது என்று மனதில் ஏறவில்லை. மறுநாள் தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள். ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரர்கள் கையில் வில்லும் வாளுமாக நிற்கிறார்கள். வாசல் மரத்தடியில் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். அன்றைக்குச் செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டவில்லை.

மூன்றாம் நாள் பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் எனக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப்போன இடம், அதற்குமேல் ஒன்றும் தோன்றியதில்லை. ஆனால் தோழி உள்ளே நுழைந்ததும் அமைதியாகிவிட்டாள். 1908இல் தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யோடு சேர்ந்து அவர்களுக்காகப் பேசியவர் சிவா. அந்த வருடம் இதே மார்ச் மாதத்தில்தான் இருவரையும் கைது செய்தார்கள். சிறையில் அவருக்குத் தொழுநோய் வந்தது. வெளியே வந்தபிறகு நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவே தடை போட்டது வெள்ளை அரசு. அந்த உடம்போடு கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாரதமாதாவுக்கு ஒரு கோவில் கட்ட வேண்டும் என்பது அவருடைய கனவு. 1925 ஜூலை 23 அன்று இங்கே உயிர் பிரிந்தது.

"எங்க ஊர்ல பேசின மனுசன் இம்புட்டு தூரம் வந்தா கெடக்காரு" என்று மட்டும் சொன்னாள். அன்று திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் இண்டூர் வரும்வரை எதுவும் பேசவில்லை.

நான்காம் நாள் கிருஷ்ணகிரி அணை. வெயில் அதிகம், தண்ணீர் குறைவு. வழியெல்லாம் மாந்தோப்பில் பிஞ்சு விட்டிருந்ததுதான் கண்ணுக்குக் குளிர்ச்சி. மாம்பழத்துக்கு வந்தால் ஜூனில் வர வேண்டும்.

ஒகேனக்கல்லைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

கெம்னிட்ஸுக்குப் போன புதிதில் நான் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பேன். என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் இருக்கின்றன. "ஏன் எப்பவும் கைய வைக்க?" என்று ஒருநாள் அவள் கேட்டபோது சொன்னேன். எங்கள் பக்கம் பாறை பூமி. அந்தப் பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேல் போன தண்ணீரைத்தான் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்துக் குடித்தோம். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் கறை பல்லோடேயே முளைக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது. நிறைய வருடம் குடித்த பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். என் பாட்டிக்குக் கடைசிவரை முதுகு நிமிரவில்லை.

ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்துச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் ஆனது. 2013இல் தண்ணீர் விட்டார்கள். எங்கள் தெருக்குழாய்க்கு அடுத்த வருடம் வந்தது. நான் 2002இல் பிறந்தவள், தம்பி 2012இல். என் பல்லில் கறை, அவன் பல் வெள்ளை. எங்கள் வீட்டில் தண்ணீர் வந்த வருடத்தைப் பல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சரி, அன்றைக்கு அம்மாவும் எங்களோடு கிளம்பினார். கல்யாணமான புதிதில் ஒருமுறை போனதுதானாம். பென்னாகரத்தில் பஸ் மாறி, காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும்போது யானை கடக்கும் இடம் என்ற பலகைகள் வந்தன. தோழி ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை.

மார்ச்சில் நீர்வரத்து அடக்கமாக இருப்பதால் பரிசல் ஓடியது. வெள்ளம் கூடினால் நிறுத்திவிடுவார்கள். பரிசலை முழுதாக எடுக்கப் பணம் போதாது. சேலத்திலிருந்து வந்த வயதான தம்பதி பங்குக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். "நீங்க போங்க கண்ணு, நான் கரையில இருக்கேன்" என்று அம்மா பின்வாங்க, அந்த அம்மாள் தன் கணவரைக் கரையில் உட்கார வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம், வாங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றினார்.

மூங்கில் பின்னி, அடியில் தார் பூசிய வட்டப் பரிசல். செங்குத்தான பாறைகளுக்கு நடுவே போனதும் வெயில் மறைந்து குளிர்ந்தது. ஹொகே என்றால் கன்னடத்தில் புகை, கல் என்றால் பாறை. அருவி விழும் இடத்தில் நீர்த்திவலை புகையாக எழுந்து எங்கள் முகத்தில் படிந்தது. பரிசல்காரர் துடுப்பால் ஒரு சுழற்று சுழற்ற, தோழி போட்ட கூச்சல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

அம்மா மட்டும் அருவியைப் பார்க்கவில்லை.

"எங்க ஊருக்குத் தண்ணி எங்கேருந்துங்க எடுக்கறாங்க?" என்று பரிசல்காரரிடம் கேட்டார்.

"மேல இருக்குங்கம்மா, அருவிக்கு அந்தாண்ட" என்று அவர் துடுப்பைத் தூக்கிக் காட்டினார். பாறைக்குப் பின்னால் என்பதால் இங்கிருந்து எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அம்மா அந்தத் திசையிலேயே கண் வைத்திருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நல்ல தண்ணீருக்காக ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணற்றுக்கு நடந்ததைப் பிறகு தோழியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். இடுப்பில் குடம், மறுபக்கம் நான். அந்தக் கிணறும் வற்றியபிறகுதான் வேறு வழியில்லாமல் போரிங் தண்ணீருக்கு வந்தார்களாம். இதை அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

கரையில் மீன் வாங்கிக் கொடுத்தால் மசாலா தடவி வறுத்துத் தரும் அக்காமார்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன ராகிக் களியை அந்த மீனோடு சாப்பிட்டோம். தோழி களியை மென்று பார்த்து விழித்தாள். "மெல்லக் கூடாது கண்ணு, முழுங்கணும்" என்று அம்மா உருட்டிக் காட்டினார். மூன்றாவது உருண்டையில் பழகிவிட்டது.

ஐந்து நாள் செலவு 1,460 ரூபாய். மீதி இருந்த 540 ரூபாய்க்குப் பென்னாகரத்தில் புதுப்புளி வாங்கினோம். இந்த மாதத்தில்தான் உலுக்கி, ஓடு நீக்கிக் கொட்டை எடுத்த புளி வரும். ஆளுக்குப் பாதியாகப் பெட்டியில் வைத்துக்கொண்டால் கெம்னிட்ஸில் அடுத்த பருவம் முழுக்க ரசத்துக்கு ஆகும்.

வீடு திரும்பியபோது குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தம்பி குடங்களை வரிசையாக வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். தோழி செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் ஒரு சொம்பு பிடித்து, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தாள்.