ஓஎக்ஸ்-கே பாசிடிவ்னா புரோட்டியஸ் இருக்குன்னு அர்த்தம் இல்ல

கோத்தகிரி பக்கம் எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிற எங்க சித்திக்கு உண்ணிக்காய்ச்சல் வந்து, டாக்சிசைக்ளின்ல சரியாயிடுச்சு. ஆனா அவங்க பையன் ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பி, "அண்ணா, இதுல ஓஎக்ஸ்-கேன்னு இருக்கு, தேடிப்பாத்தா புரோட்டியஸ்னு வேற கிருமி வருது, டெஸ்ட்டயே மாத்தி எடுத்துட்டாங்களா?"ன்னு கேட்டான்.

மாத்தல்லாம் எடுக்கலடா. உண்ணிக்காய்ச்சல் கிருமி ஓரியன்ஷியா, உயிருள்ள செல்லுக்குள்ள மட்டும்தான் வளரும், சாதா லேப்ல வளக்க வழியே இல்ல. அதான் வெயில்-ஃபெலிக்ஸ்ங்கிற ரத்த டெஸ்ட்ல, புரோட்டியஸ் கிருமியோட ஓஎக்ஸ்-கேங்கிற ரகத்த வச்சு சமாளிக்கிறாங்க. ரெண்டும் நெருங்கின சொந்தம் கூட கிடையாது, ஆனா கிருமிய எதிர்க்க நம்ம ரத்தத்துல உருவாகுற புரோட்டீனான ஆன்டிபாடி ஒரே ரகம் இல்லையே, பல ரகம் கலந்து கெடக்கும், அதுல சிலது போய் புரோட்டியஸ் மேலயும் ஒட்டி அத கட்டி கட்டியா திரள வைக்கும், அந்த திரள்ச்சிய பாத்துதான் பாசிடிவ்ங்கிறது. குத்துமதிப்பான டெஸ்ட்தான், ஒத்துக்கிறேன்.

இப்படி கலந்து கெடக்காம ஒரே ரகமா மட்டும் எடுக்கற ஆன்டிபாடிக்கு பேர்தான் மோனோகுளோனல் ஆன்டிபாடி, எனக்கு புடிச்சது அதுதான். 1975ல கோலரும் மில்ஸ்டைனும் எலியோட மண்ணீரல் செல்ல புற்றுசெல்லோட இணைச்சு, சாகாம ஒரே ரக ஆன்டிபாடிய மட்டும் சுரந்துக்கிட்டே இருக்கிற செல்ல உண்டாக்குனாங்க, 1984ல நோபலும் வாங்குனாங்க. ஓரியன்ஷியாலயே கார்ப், கில்லியம், கேட்டோன்னு ரகங்கள் இருக்கு. கார்ப்புக்கு எதிரா செஞ்ச ஆன்டிபாடிகள ஒவ்வொண்ணா மத்த ரெண்டு மேலயும் போட்டு பாத்தா, மூணுலயும் ஒட்டுறது பொதுவான இடத்த புடிக்குது, கார்ப்ல மட்டும் ஒட்டுறது மாறுற இடத்த புடிக்குதுன்னு தெரிஞ்சிரும். இதுல முக்கியமான ஆளு கிருமியோட மேல்பரப்புல இருக்கிற 56 கிலோடால்டன் எடையுள்ள புரோட்டீன், இப்போ ரத்தத்துல ஆன்டிபாடி இருக்கான்னு பாக்குற எலைசா டெஸ்ட் கிட்லயும் பெரும்பாலும் இதத்தான் வைக்கிறாங்க.

ஆனா ஒண்ணு, ஒரு ஆன்டிபாடி ஒட்டலங்கிறதுக்காக அந்த புரோட்டீனே இல்லன்னு முடிவு கட்டிரக்கூடாது, அந்த எடத்துல ஒரு அமினோ அமிலம் மாறினாலே ஒட்டாம போகலாம். புரோட்டீன்கள பிரிச்சு தாள்ல ஒத்தி எடுத்து பாக்குற 'பிளாட்' டெஸ்ட்டுக்காக கொதிக்க வச்சு புரோட்டீன் வடிவம் குலைஞ்சாலும் ஒட்டாம போகலாம், அதே ஆன்டிபாடி முழு கிருமி மேல பளிச்சுனு ஒட்டலாம். அதனாலதான் ஒரே ஆன்டிபாடிய நம்பாம பல ஆன்டிபாடிகள ஒரு கூட்டமா வச்சு பாக்கறது.

"அப்போ ஒருவாட்டி வந்தா இனி வராதுல்ல?"ன்னான். வரும்டா, ஒரு ரகத்துக்கு உண்டான எதிர்ப்பு இன்னொரு ரகத்துக்கு ரொம்ப நாள் தாங்காது, தடுப்பூசியும் இன்னும் வரல. மறுபடி காய்ச்சல் வந்து மேல எங்கயாவது கறுப்பு பொருக்கு தெரிஞ்சா பாராசிட்டமால் போட்டுட்டு உக்காந்திராதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க, பென்சிலின் இதுக்கு வேலைக்கே ஆகாது.