ரிசீவரில் பொறித்த ஆண்டு

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது, தேசிய மாணவர் படையின் அணிவகுப்புப் பயிற்சியில் என் தோளில் ஏறிய ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கி, அதாவது 0.303 அங்குல விட்டமுள்ள பழைய பிரிட்டிஷ் படைத் துப்பாக்கியான லீ-என்ஃபீல்டு, சுடக்கூடியதன்று. தோட்டா அமரும் அறையில் துளையிட்டு, மேலே ‘டி.பி.’ என்று பொறித்து, பயிற்சிக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டது அது. நான்கு கிலோ எடையுள்ள அந்த லீ-என்ஃபீல்டின் பித்தளை அடித்தகட்டில் பொறித்திருந்த எழுத்துகளை, இடைவேளை கிடைத்தபோதெல்லாம் படித்துக்கொண்டிருப்பேன். இன்று கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து துப்பாக்கிகளை என் வீட்டுப் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். இவற்றைச் சேர்க்கத் தொடங்கிய பதினொரு ஆண்டுகளில் போர் வரலாற்றை எவ்வளவு படித்தேனோ, அவ்வளவு சட்டமும் படிக்க வேண்டியிருந்தது.

முதலில் வாங்கியது 1943இல் லாங் பிராஞ்ச் ஆலையில் செய்யப்பட்ட நான்காம் எண் லீ-என்ஃபீல்டு ரைஃபிள். டொரோண்டோவுக்கு மேற்கே ஏரிக்கரையில் இருந்த அந்த ஆலை 1941 முதல் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைச் செய்து அனுப்பியது. இந்தப் பொறியமைப்புக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ ஸ்காட்லாந்தில் பிறந்து ஒன்டாரியோவில் வளர்ந்தவர் என்பதால், இந்த மாகாணத்தில் அதைச் சேர்ப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடித்து, தேர்வெழுதி, உரிமம் கையில் கிடைத்த பிறகே ஒரு கண்காட்சியில் அதை வாங்கினேன். நீண்ட துப்பாக்கிகளுக்கான பதிவேட்டைக் கனடா 2012இல் நீக்கிவிட்டது. ஆனால் 2022 மே முதல், விற்பவர் வாங்குபவரின் உரிமம் செல்லுமா என்று பதிவாளரிடம் சரிபார்த்து, குறிப்பெண் பெற்ற பிறகே துப்பாக்கியைக் கைமாற்ற முடியும். இந்த நடைமுறை எனக்குச் சுமையாகத் தோன்றவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் துப்பாக்கியைக் கொடுப்பவனுக்கு அது நிம்மதிதான்.

ஒரு நாட்டின் சட்டத்தைக் கற்றுக்கொண்டால் போதும் என்று அப்போது நினைத்தேன். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுடன் கடிதப் போக்குவரத்து தொடங்கிய பிறகுதான், ஒவ்வொரு நாட்டின் சட்டமும் ஒரே துப்பாக்கியின் வெவ்வேறு உறுப்பைப் பார்க்கிறது என்பது விளங்கியது. 1894இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட, லீ-என்ஃபீல்டுக்கு முன்னோடியான ஒரு லீ-மெட்ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டம் அதன் வயதைக் கேட்கிறது. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது என்பதால், அது பழம்பொருள். அச்சட்டத்தின் பார்வையில் அது துப்பாக்கியே அன்று. கனடா வயதையும் கேட்கிறது, குழலின் விட்டத்தையும் கேட்கிறது. 1898க்கு முந்தியதாக இருந்தாலும், நடுவெடித் தோட்டாவை (அடிப்பக்கத்தின் நடுவில் அடித்தால் வெடிப்பதை) சுடும் ரைஃபிளின் குழல் விட்டம் 8.3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினும் இருக்கக்கூடாது. லீ-மெட்ஃபோர்டின் விட்டம் 7.7 மில்லிமீட்டர், மேகசினும் உண்டு. ஆகவே அது இங்கே நேற்று செய்த வேட்டைத் துப்பாக்கிக்குச் சமம். பிரிட்டன் தோட்டாவைக் கேட்கிறது. 303 தோட்டா இன்றும் கடையில் கிடைப்பதால், நூற்று முப்பது வயதானாலும் அதற்குக் காவல்துறையின் சான்றிதழ் தேவை. இந்தியாவிலோ 303 என்பது தடைசெய்யப்பட்ட விட்டம். தனியார் அதைச் சாதாரணமாக வைத்திருக்க வழியே இல்லை.

இவற்றுள் பிரிட்டனின் கேள்வியே எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்யப்பட்டு, வழக்கொழிந்த தோட்டாக்களின் பட்டியலில் உள்ள தோட்டாவுக்கு உரியதாக இருந்து, அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ மட்டும் வைத்திருந்தால், அதற்குச் சான்றிதழ் வேண்டியதில்லை என்று 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. குற்றங்களில் பயன்பட்டுவந்த ஏழு வகைத் தோட்டாக்களை அந்தப் பட்டியலிலிருந்து அப்போது நீக்கவும் செய்தார்கள். இந்தத் துப்பாக்கியால் இன்று யாருக்காவது தீங்கு செய்ய முடியுமா என்ற நேரான கேள்வி அதில் இருக்கிறது. அதனால்தான் வழக்கொழிந்த தோட்டாவைச் சுடும், 1880களில் செய்த மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய படைத் துப்பாக்கி அங்கே ஒரு வீட்டின் கணப்படுப்புக்கு மேலே சட்டப்படி தொங்க முடிகிறது. அதே துப்பாக்கியைப் பிற்காலத்தில் 303 குழல் பொருத்தி மாற்றியிருந்தால், அது பெட்டகத்துக்குள் போக வேண்டும். வெளியே பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

அமெரிக்கச் சட்டத்தின் வயதுக் கணக்கு விந்தையான இடங்களுக்குக் கொண்டுபோகும். பின்லாந்து நாட்டினர், ரஷ்யப் பேரரசின் ஆலைகளில் 1890களில் செய்த மோசின்-நாகான் துப்பாக்கிகளின் ரிசீவர்களை (குழலும் போல்ட்டும் பொருந்தும் உடற்பகுதியை) எடுத்து, புதுக் குழலும் புது மரக்கட்டையும் பொருத்தி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ‘எம் 39’ என்ற அருமையான துப்பாக்கியை உருவாக்கினார்கள். அமெரிக்கச் சட்டம் ரிசீவரையே துப்பாக்கி என்று கொள்வதால், 1942இல் முழுமை பெற்ற ஓர் எம் 39, அதன் ரிசீவரின் வாற்பகுதிக்கு அடியில் 1896 என்று பொறித்திருந்தால், பழம்பொருளாகிவிடுகிறது. மரக்கட்டையைக் கழற்றினால்தான் அந்த எண் தெரியும். அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு துப்பாக்கிகளில் ஒன்றை வேறு மாநிலத்திலிருந்து வாங்க உரிமமுள்ள வணிகர் வேண்டும், மற்றதற்கு வேண்டாம். ஐம்பது வயது கடந்தவற்றைச் சேர்ப்பவர்களுக்கு அங்கே தனி உரிமமும் உண்டு: மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணம், வாங்கியதையும் விற்றதையும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த ஏடு எழுதும் கட்டாயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் நானும் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் சேகரிப்பாளராக உரிமம் பெற வேண்டுமானால், என்ன சேர்க்கப் போகிறோம், அதன் வரலாற்றுப் பயன் என்ன என்பதை முன்கூட்டியே வரையறுத்துச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் கதை வேறு. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்கள் பெரும்பாலும் தனியாரிடமிருந்து விலக்கப்பட்டன. அரசு விலை கொடுத்துத் திரும்பப் பெற்று அழித்த சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளில் பழைய போர்த் துப்பாக்கிகளும் அடக்கம். அந்தச் சட்டம் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; முப்பத்தைந்து உயிர்களுக்கு முன் என் சேகரிப்பு ஆசை மிகச் சிறியது. ஆயினும் உருக்கியவற்றுள் ஓர் அருங்காட்சியகம் கேட்டு வாங்கியிருக்கக் கூடியவை எத்தனை என்ற எண்ணம் வராமலும் இல்லை. கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் லித்கோ ஆலையின் லீ-என்ஃபீல்டுகளுக்கு அங்கே இன்றும் தக்க காரணம் காட்டி உரிமம் பெறலாம்.

என்னிடம் உள்ளவற்றில் நெஞ்சுக்கு மிக நெருங்கியது கொல்கத்தாவுக்கு அருகே உள்ள இசாப்பூர் ஆலையின் துப்பாக்கி. 1942ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஊடுருவி மரக்கட்டையை இறுக்கும் ஒரு திருகாணி, வெப்பத்திலும் ஈரத்திலும் மரம் பிளக்காமல் இருக்க அங்குள்ள தொழிலாளர்கள் கண்ட வழி. சேகரிப்பாளர்கள் அதை ‘இசாப்பூர் திருகாணி’ என்றே சொல்வார்கள். 1962 சீனப் போருக்குப் பின், அதே பழைய அமைப்பை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு ஏற்றபடி வலுவான எஃகில் செய்து, ‘2ஏ’ என்று பெயரிட்டதும் அந்த ஆலைதான். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடுதான் 303க்கு விடைகொடுத்தது.

அந்தத் துப்பாக்கி பிறந்த நாட்டில் என்னால் அதை வைத்திருக்க முடியாது. இந்தத் தடை சுதந்திரத்துக்குப் பிறகு தோன்றியதன்று. படைக்குரிய தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கைக்குப் போய்விடும் என்று பிரிட்டிஷ் அரசு அஞ்சியது. அதனால் 450 (0.450 அங்குல) விட்டத்தை இந்தியாவில் தடை செய்ய, வேட்டைக்காரர்களுக்காக லண்டன் துப்பாக்கிக்காரர்கள் 465, 470 என்று புது விட்டங்களைச் செய்தார்கள். 303ஐத் தனியாருக்கு மறுக்க, 315 என்ற விட்டம் வந்தது. இன்றும் இந்திய அரசு ஆலையில் உரிமதாரர்களுக்காகச் செய்யப்படும் 315 வேட்டை ரைஃபிளின் போல்ட்டைப் பார்த்தால், லீ-என்ஃபீல்டின் சாயல் எவருக்கும் தெரியும். ஒரு பழைய அச்சம் எஃகில் வடிவம் பெற்று நிற்பதைப் போல எனக்கு அது தோன்றும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு வழக்கொழிந்த, பழமை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாதவற்றுக்கு மட்டுமே.

“ஊருக்கு ஒண்ணு கொண்டாயேன்டே, பாத்துட்டுத் தாரேன்” என்று அப்பா ஒருமுறை தொலைபேசியில் கேட்டார். முடியாது என்று விளக்கிய பிறகு, இசாப்பூர் துப்பாக்கியின் ஒவ்வொரு முத்திரையையும் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். கழுத்துப் பகுதியில் உள்ள மகுடத்தையும், அதன் கீழுள்ள ஜார்ஜ் மன்னரின் எழுத்துகளையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போல்ட்டின் எண்ணும் ரிசீவரின் எண்ணும் பொருந்துகின்றனவா என்று கேட்டார். பொருந்துகின்றன.

சேகரிப்பவர் பலர் மறந்துவிடுவது, தமக்குப் பின் என்ன ஆகும் என்பது. உரிமம் இல்லாத வாரிசு இவற்றைத் தம் உடைமையாக வைத்துக்கொள்ள முடியாது. அவசரத்தில் விற்பார்கள், அல்லது காவல் நிலையத்தில் ஒப்படைப்பார்கள். ஒப்படைத்தவை பெரும்பாலும் உருக்கப்படுகின்றன. அதனால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனிக் கோப்பு வைத்து, வாங்கிய ரசீதையும், முத்திரைகளின் படங்களையும், எந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்ற குறிப்பையும் சேர்த்திருக்கிறேன். சென்ற வசந்தத்தில் என் மகள் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து தேறினாள். அவளுடைய உரிமம் ஆகஸ்டில் வந்தது.